குழந்தையைத் தின்ற ஓநாய்க்கு ஏன் நினைவுப் பலகை வைத்தார்கள்?

கேள்வி கேட்டவர் சுருக்கமாக எழுதியிருக்கிறார்: சாகியின் ‘கேப்ரியேல்-எர்னஸ்ட்’ கதையைப் படித்தேன், ஓநாயாக மாறுகிற ஒரு பையன் குழந்தையைக் கொண்டுபோய்விடுகிறான், இதை எல்லாரும் எட்வர்டு மன்னர் காலத்துச் சமூக நையாண்டி என்கிறார்கள், எனக்குப் பயம்தான் வந்தது, நையாண்டி எங்கே இருக்கிறது? இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று, இந்தக் கதை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது. இன்னொன்றை நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்வியின் தொனியில் இருக்கிறது: ஒரு குழந்தை சாகிற கதையில் சிரிப்பது சரியா? இரண்டாவதுதான் கடினம், அதற்கும் வருகிறேன். நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவன், சாகியைப் பல வருடங்களாக மாணவர்களோடு சேர்ந்து வாசித்து வருகிறேன். நாட்டார் வழக்காறு என் துறை இல்லை, ஓநாய் மனிதன் பற்றிய பழைய நம்பிக்கைகளை இலக்கியத்தின் வழியாக மட்டுமே அறிந்தவன், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது, அதனால் கதையை இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது, சில பக்கங்கள்தான்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. சாகி என்பது புனைபெயர். ஆள் ஹெக்டர் ஹியூ மன்றோ, 1870-ல் பர்மாவில் அக்யாப் என்ற ஊரில் பிறந்தவர், அப்பா அங்கே போலீஸ் அதிகாரி. அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட, இங்கிலாந்தில் டெவன் பக்கம் பாட்டியும் மிகக் கண்டிப்பான இரண்டு அத்தைகளும் வளர்த்தார்கள். 1893-ல் இவரும் பர்மா போலீஸில் சேர்ந்தார், காய்ச்சல் விடாமல் அடித்ததால் இரண்டு வருடம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டார். அப்புறம் பத்திரிகைத் தொழில். ‘மார்னிங் போஸ்ட்’ நாளிதழுக்காக பால்கன் நாடுகள், வார்சா, பீட்டர்ஸ்பர்க், பாரிஸ் என்று இருந்து செய்தி அனுப்பினார், 1905 ரஷ்யப் புரட்சியின்போது பீட்டர்ஸ்பர்க்கிலேயே இருந்தார். 1916 நவம்பரில் பிரான்சில் போர்முனையில் குண்டடிபட்டு இறந்தார். ‘கேப்ரியேல்-எர்னஸ்ட்’ 1909-ல் ‘வெஸ்ட்மின்ஸ்டர் கெஸட்’ என்ற மாலைப் பத்திரிகையில் வந்தது, அடுத்த வருடம் தொகுப்பில் சேர்ந்தது. பத்திரிகையில் வந்தது என்பது இங்கே முக்கியம். அந்தப் பத்திரிகையை மாலையில் கிளப்பில் உட்கார்ந்து படித்தவர்களில் கணிசமானவர்கள் கதையில் வருகிறவர்களைப் போன்றவர்கள்தான், அதாவது கிராமத்தில் தோப்பும் காடும் வைத்திருந்தவர்கள், வார இறுதியில் விருந்துக்குப் போனவர்கள், பொதுக் காரியத்துக்குச் சந்தா கொடுத்தவர்கள். அவர்களுடைய வரவேற்பறைக்குள்ளேயே சாகி ஓநாயைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்.

இப்போது கதைக்கு வாருங்கள். வான் சீல் என்பவரின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த ஓவியர் கன்னிங்ஹாம், ரயிலுக்குப் போகிற வழியில் “உங்கள் காட்டில் ஒரு காட்டுமிருகம் இருக்கிறது” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார், வழி நெடுக அவர் பேசியது அவ்வளவுதான். வான் சீல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரைப் பற்றிச் சாகி தரும் அறிமுகத்தை மெதுவாகப் படியுங்கள்: படிக்கும் அறையில் பாடம் செய்த நாரை இனப் பறவை ஒன்றை வைத்திருக்கிறார், நிறையக் காட்டுப்பூக்களின் பெயர் தெரியும், அதனால் அவருடைய அத்தை அவரைப் பெரிய இயற்கை ஆர்வலர் என்று சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். நடந்துபோகும்போது பார்த்ததையெல்லாம் மனதில் குறித்துக்கொள்வார், எதற்காக என்றால் பிறகு பேசுவதற்கு விஷயம் வேண்டும் என்பதற்காக. நீலமணிப் பூ பூத்தால் எல்லாரிடமும் போய்ச் சொல்வார். இயற்கை இந்த மனிதருக்கு உரையாடலின் கச்சாப்பொருள். நையாண்டி இங்கேயே ஆரம்பித்துவிட்டது, ஓநாய் இன்னும் வரவில்லை.

அன்றைக்கே அவர் காட்டில் ஒரு பையனைப் பார்க்கிறார். பதினாறு வயது இருக்கும், ஓக் மரங்களுக்கு நடுவே ஆழமான குட்டையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் நிர்வாணமாகப் படுத்து ஈரம் காயவைத்துக்கொண்டிருக்கிறான். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால், மாமிசம் என்கிறான். முயல், காட்டுப்பறவை, கோழி, பருவத்தில் ஆட்டுக்குட்டி, கிடைத்தால் குழந்தைகள், ஆனால் ராத்திரியில் அவர்களைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள், குழந்தை மாமிசம் சாப்பிட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது என்று சொல்கிறான். ஆலைக்காரரின் குழந்தை ஒன்று காணாமல் போய்ச் சரியாக இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. இத்தனையும் காதில் விழுந்த பிறகு வான் சீலின் கவலை எங்கே போகிறது என்று பாருங்கள். தான் ஊராட்சி உறுப்பினர், கௌரவ நீதிபதி, இப்படிப்பட்ட ஒருவனைத் தன் நிலத்தில் வைத்திருப்பது தெரிந்தால் மரியாதை என்னாவது, ஆடு கோழி இழந்தவர்கள் நஷ்டஈடு கேட்டு வந்துவிட்டால் என்ன செய்வது! குழந்தை பற்றிய எண்ணம் வராமல் இல்லை, ஆனால் அதை அவர் தள்ளித் தள்ளி வைக்கிறார். நீ என் காட்டில் இருக்கக் கூடாது என்று மட்டும் பையனிடம் சொல்கிறார். மறுநாள் காலையில் பையன் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டிருக்கிறான். காட்டில் இருக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறான்.

இந்த இடத்தை நான் வகுப்பில் எப்போதும் நிறுத்தி வாசிப்பேன். கதை முழுக்கப் பொய்யே சொல்லாத ஒரே ஆள் அந்தப் பையன். தான் எதைத் தின்கிறான், எப்போது வேட்டையாடுகிறான், எல்லாவற்றையும் கேட்ட உடனே சொல்லிவிட்டான், சொன்ன சொல்லை அப்படியே கேட்டு நடக்கவும் செய்கிறான். பொய் சொல்கிறவர் வான் சீல். அத்தை பார்த்துவிட்டால் என்னாவது என்று தோன்றியதும் அவர் செய்யும் முதல் வேலை ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகையை விரித்துப் பையனின் உடம்பை மூடுவது. சாகி எந்தப் பத்திரிகையின் நிருபராக இருந்தாரோ அதே பத்திரிகை, மேல்தட்டினர் தினமும் கையில் எடுத்த பத்திரிகை. பிறகு அத்தையிடம், இது வழிதவறிய ஏழைப் பையன், நினைவும் போய்விட்டது என்கிறார். உள்ளாடையில் பெயர் தைத்திருக்குமே என்று அத்தை கேட்க, அதையும் தொலைத்துவிட்டான்போல என்று சொல்லிக்கொண்டே நழுவும் பத்திரிகையைத் திரும்பத் திரும்ப இழுத்து மூடுகிறார். படித்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த நொடியில்தான் குழந்தையின் கதி முடிவாகிறது. ஒரு வீட்டுப் பெண்ணின் முன்னால் நிர்வாணத்தை மறைக்க வேண்டும் என்ற அவசரத்தில், சொல்லியே ஆக வேண்டிய விஷயம் மூடப்பட்டுவிட்டது.

அத்தை மிஸ் வான் சீல் கெட்டவர் இல்லை, அதைச் சாகியும் சொல்லவில்லை. ஆதரவில்லாத பூனைக்குட்டியைக் கண்டால் எப்படி உருகுவாரோ அப்படி உருகுகிறார். பாதிரியார் வீட்டு வேலைக்காரப் பையனின் உடை வரவழைக்கப்படுகிறது, குளிப்பாட்டி உடுத்திவிட்டதும் ‘கேப்ரியேல்-எர்னஸ்ட்’ என்று ஒரு நல்ல, பொருத்தமான பெயரும் வைத்தாகிவிட்டது. வயதான ஸ்பானியல் நாய் வீட்டை விட்டு ஓடித் தோட்டத்தின் கடைக்கோடியில் நின்று நடுங்குகிறது, எப்போதும் பாடிக்கொண்டிருக்கும் கேனரிப் பறவை பயந்த கீச்சொலியோடு நிறுத்திக்கொள்கிறது, அவற்றுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அத்தையோ ஞாயிறு பள்ளிக் குழந்தைகளுக்குத் தேநீர் விருந்து கொடுக்க இந்தப் பையனை உதவிக்கு ஏற்பாடு செய்கிறார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அநாதைச் சிறுவர் காப்பகங்கள், ஞாயிறு பள்ளிகள், ஏழைகளுக்கு உடை சேர்க்கும் சங்கங்கள் என்று நற்பணி பெரிதாக வளர்ந்திருந்தது, குழந்தைகள் பாதுகாப்புக்கான பெரிய சட்டம் 1908-ல் வந்தது, இந்தக் கதைக்கு ஒரு வருடம் முன்பு. சாகி அந்தச் சட்டத்தை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உதவி பெறுகிறவன் யார், என்ன சொல்கிறான் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் கழுவி, உடுத்தி, பெயர் வைத்து, உபயோகப்படுத்தத் தொடங்கிவிடும் அந்த நற்பணி மனோபாவம்தான் அவருடைய குறி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வான் சீல் ரயிலேறிப் போய் கன்னிங்ஹாமைக் கேட்கிறார். அவர் பார்த்தது இது: சூரியன் மறையும் நேரத்தில் அந்தப் பையன் குன்றின் சரிவில் நிற்கிறான், வெளிச்சம் போன அந்தக் கணத்தில் அவனும் இல்லை, அதே இடத்தில் கறுத்த, மஞ்சள் கண்களுடைய பெரிய ஓநாய். ஏன் அன்றே சொல்லவில்லை என்றால், தன் தாய் மூளை சம்பந்தமான நோயில் இறந்தவர், அதனால் நம்பமுடியாத காட்சிகளைப் பற்றிப் பேசத் தனக்கு விருப்பமில்லை என்கிறார். அவருக்கும் மானம் போய்விடுமே என்ற பயம். வான் சீல் தந்தி கொடுக்க நினைக்கிறார். “கேப்ரியேல்-எர்னஸ்ட் ஒரு ஓநாய் மனிதன்” என்று தந்தியில் எழுதினால் அத்தை அதை ஏதோ சங்கேதச் செய்தி என்று நினைப்பார் என்று அந்த யோசனையையும் விட்டுவிடுகிறார். வீட்டுக்கு விழுந்தடித்து வந்தால் அத்தை அமைதியாகச் சொல்கிறார்: விருந்துக்கு வந்த டூப் வீட்டுக் குழந்தையை வீட்டில் விடக் கேப்ரியேல்-எர்னஸ்ட் போயிருக்கிறான், நேரமாகிவிட்டது, தனியாக அனுப்புவது பாதுகாப்பு இல்லை என்று நினைத்தேன், சூரிய அஸ்தமனம் எவ்வளவு அழகாக இருக்கிறது பார்!

சரி, என் முதல் பதில் இதுதான். இந்தக் கதையில் ஓநாய் கேலிக்கு ஆளாகவில்லை. கேலிக்கு ஆளாவது பேச்சு. நீலமணிப் பூவைப் பற்றி ஊர் முழுக்கப் பேசுகிற மனிதர் ஒரே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஊமையாகிறார், ஏனென்றால் அவருடைய உலகத்தில் அதைச் சொல்ல மரியாதையான வார்த்தை கிடையாது. இது என் கற்பனை இல்லை, சாகியே கதைக்குள் ஒரு குறிப்பை வைத்திருக்கிறார். பையனைப் பார்த்த அன்று ராத்திரி சாப்பாட்டில் வான் சீல் வாய் திறக்காமல் இருக்க, குரல் எங்கே போச்சு, ஓநாயைப் பார்த்தவன் மாதிரி இருக்கிறாயே என்கிறார் அத்தை. அந்தப் பழமொழி வான் சீலுக்குத் தெரியாது, ஓநாயைப் பார்த்திருந்தால் நான் அல்லவா ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறார். ஓநாய் முதலில் பார்த்துவிட்டால் மனிதனுக்குக் குரல் போய்விடும் என்பது மிகப் பழைய ரோமானிய நம்பிக்கை, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ஒன்பதாவது ஆயர் பாட்டிலேயே இருக்கிறது. அத்தை விளையாட்டாகச் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது, இருவருக்கும் தெரியவில்லை. இங்கிலாந்தில் ஓநாய் இனம் அற்றுப்போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்ததால் பழமொழி மட்டும் மிஞ்சியிருந்தது, அதன் பொருள் போய்விட்டிருந்தது.

முடிவிலும் இதே வேலைதான், இன்னும் கூர்மையாக. குழந்தையும் பையனும் திரும்பவே இல்லை, பையனின் உடைகள் மட்டும் சாலையில் கிடக்கின்றன. ஊர் என்ன முடிவுக்கு வருகிறது? குழந்தை ஓடையில் விழுந்திருக்கும், காப்பாற்ற அவன் உடையைக் களைந்துவிட்டுக் குதித்திருப்பான். அத்தையின் முயற்சியில் தேவாலயத்தில் பித்தளைப் பலகை பதிக்கிறார்கள், பிறருக்காகத் தன் உயிரைத் துணிச்சலுடன் தியாகம் செய்த, யாரென்று அறியாத சிறுவன் கேப்ரியேல்-எர்னஸ்டுக்கு என்று. இதில் ஒரு விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. களைந்துபோட்ட உடை என்பது ஓநாய் மனிதன் கதைகளில் ஆகப் பழைய அடையாளம். முதலாம் நூற்றாண்டு ரோமானியர் பெட்ரோனியஸ் எழுதியதில் ஒரு படைவீரன் வழியோரம் உடைகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓநாயாகிறான். அதே நூற்றாண்டின் ரோமானிய அறிஞர் பிளினி பதிவு செய்திருக்கும், கிரேக்கத்தின் ஆர்க்கேடியா பகுதிக் கதையில் ஒருவன் ஓக் மரத்தில் உடையைத் தொங்கவிட்டு ஒரு குளத்தை நீந்திக் கடந்து ஓநாயாகிறான். சாகியின் பையன் முதலில் காட்சி தருவதும் ஓக் மரங்களுக்கு நடுவே, குட்டையின் கரையில்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மரீ த பிரான்ஸ் எழுதிய கதைப்பாட்டில், ஓநாயான பிரபுவின் உடையை மனைவி ஒளித்துவிடுவதால் அவனால் மனிதனாகத் திரும்ப முடிவதில்லை. பழைய காலத்து வாசகர் சாலையில் கிடந்த உடையைப் பார்த்த உடனே விஷயத்தைப் புரிந்துகொண்டிருப்பார். 1909-ன் கிராமம் அதே தடயத்தைப் பார்த்து அதில் தியாகத்தை வாசிக்கிறது. அதுவும் பாதிரியார் வீட்டிலிருந்து தர்மமாக வந்த உடை. தங்களுடைய நற்பணி எங்கேயும் தவறியிருக்காது என்ற நம்பிக்கை அவர்கள் கண்ணை அவ்வளவு மறைத்திருக்கிறது. வான் சீலுக்கு உண்மை தெரியும், ஆனாலும் கடைசிவரை சொல்வதில்லை. பலகைக்குச் சந்தா தர மறுக்கிறார், அவருடைய எதிர்ப்பின் எல்லை அவ்வளவுதான்.

இதைத் தனியாகப் படிப்பதைவிட, கிளமென்ஸ் ஹவுஸ்மன் 1896-ல் நூலாக வெளியிட்ட ஓநாய்ப் பெண் கதையோடு சேர்த்துப் படித்தால் நன்றாகத் தெரியும். அதில் பனி தேசத்துப் பண்ணை வீடு ஒன்றுக்கு வெண்ணிற ரோம உடையில் ஓர் அழகி வருகிறாள், அங்கேயும் ஒரு குழந்தை மறைகிறது, அங்கேயும் வீடே அவளை வரவேற்கிறது, ஒருவன் மட்டும் சந்தேகப்படுகிறான். அவன் சகோதரனுக்காக உண்மையிலேயே உயிரைக் கொடுக்கிறான், கதை கிறிஸ்தவத் தியாகமாக முடிகிறது. சாகி அதைப் படித்துவிட்டுப் பதிலாக எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதின்மூன்று வருட இடைவெளியில் அதே தியாகம் என்ற சொல் ஒரு பித்தளைப் பலகையின் பொய்யாக மாறியிருப்பதைப் பார்க்கும்போது, அந்தக் காலத்து விழுமியங்களை இவர் எவ்வளவு நெருக்கமாக உரசிப் பார்த்தார் என்பது புரியும். அப்புறம், பௌர்ணமி எங்கே, வெள்ளிக் குண்டு எங்கே என்று என் மாணவர்கள் கேட்பார்கள். அவற்றை இந்தக் கதையில் தேட வேண்டாம். நிலா பழைய கதைகளில் அங்கங்கே உண்டு, ஆனால் பௌர்ணமி, கடி, வெள்ளி என்று மூன்றையும் சேர்த்து ஒரு விதியாக்கி உலகம் முழுக்கப் பரப்பியது பெரும்பாலும் 1940-களின் ஹாலிவுட் படங்கள்தான்.

சாகியின் மற்ற ஓநாய்க் கதைகளிலும் குறி மாறிக்கொண்டே இருக்கும். 1914-ல் வந்த தொகுப்பில் உள்ள ‘பெண் ஓநாய்’ கதையில் நிஜமான உருமாற்றமே கிடையாது. லெனர்டு பில்சிட்டர் என்பவர் ரஷ்யப் பக்கம் பயணம் போனபோது ரயில் வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு வியாபாரியிடம் அரைகுறையாகக் கேட்ட ‘சைபீரிய மந்திரத்தை’ வைத்து விருந்துகளில் பெருமை அடித்துக்கொள்கிறார். வீட்டுக்காரி மேரி ஹாம்ப்டன், என்னைப் பெண் ஓநாயாக மாற்றிக் காட்டுங்கள் என்கிறாள். இனமும் பாலும் ஒரே நேரத்தில் மாறினால் குழப்பமாகிவிடும் என்பதால் பெண் ஓநாய்தான் வேண்டுமாம். கிளோவிஸ் என்ற குறும்புக்காரன் சொந்தமாக மிருகக்காட்சி சாலை வைத்திருக்கும் ஒரு பிரபுவிடமிருந்து பழக்கப்பட்ட ஓநாயை இரவல் வாங்கி வந்து, சரியான தருணத்தில் அவளை மறையவைத்து ஓநாயை நிறுத்திவிடுகிறான். அதிகம் கலங்கிப்போகிறவர் மந்திரவாதிதான், தன் மந்திரம் பலிக்காது என்று அவருக்குத்தானே நன்றாகத் தெரியும். ஆவியுலக ஆராய்ச்சிச் சங்கம் 1882-லேயே லண்டனில் தொடங்கிவிட்டது, பிரம்மஞான சபைக்கு அன்னி பெசன்ட் 1907-ல் தலைவரானார், நம் அடையாறு வரை நீண்ட அலை அது. கிழக்கிலிருந்து வந்த எந்த மர்மமும் லண்டன் விருந்து மேசையில் விலைபோன காலம். அதை ஒரு இரவல் ஓநாயைக் கொண்டு சாகி கலைத்துப் போடுகிறார். நகைச்சுவையாக இது நல்ல கதை, ஆனால் ‘கேப்ரியேல்-எர்னஸ்ட்’ அளவுக்கு ஆழம் இல்லை என்பது என் எண்ணம்.

‘செர்னோகிராட்ஸ் ஓநாய்கள்’ வேறு ரகம். அவர் இறந்த பிறகு 1919-ல் வந்த தொகுப்பில் இருக்கிறது, அதில் யாரும் ஓநாயாக மாறுவதில்லை. பழைய கோட்டையை விலைக்கு வாங்கிய புதுப்பணக்காரக் குடும்பம், அங்கே வேலைக்கு இருக்கும் வயதான ஆசிரியை. அந்தக் கோட்டைக்குரிய வம்சத்தின் கடைசி ஆள் நான்தான், எங்கள் வம்சத்தார் இங்கே இறக்கும்போது காட்டு ஓநாய்கள் கூடி ஊளையிடும் என்று ஒருநாள் அவள் சொல்லிவிடுகிறாள். வீட்டுக்காரிக்குக் கோபம், இவளை வேலையை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்று நினைக்கிறாள். பனிக்காலத்தில் கிழவி சாகக் கிடக்கும்போது ஓநாய்கள் நிஜமாகவே வருகின்றன, அவள் சன்னலைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்கிறாள். பத்திரிகையில் கொடுக்கும் மரண அறிவிப்பில் மட்டும் அவள் முழு வம்சப் பெயருடன், அந்தக் குடும்பத்தின் பல வருடத்து மதிப்புக்குரிய தோழி ஆகிவிடுகிறாள். அந்த ஒரு வரி அறிவிப்பும் தேவாலயப் பலகையும் ஒரே கைவேலை. வாழும்போது கண்டுகொள்ளப்படாத உண்மையைச் செத்த பிறகு கௌரவமான வாசகமாக்கிச் சொந்தம் கொண்டாடுவதைச் சாகி எங்கே கண்டாலும் விடுவதில்லை.

சந்தேகத்துக்கு இடமான வாசிப்புகளுக்கு வருகிறேன். அந்த நிர்வாணப் பையன், அவனைக் கண்டதும் மாடலாக வைத்து வரைய ஆசைப்பட்ட ஓவியர், அவனை மறைக்கப் படாத பாடு படும் திருமணமாகாத நடுத்தர வயதுக்காரர், இதையெல்லாம் வைத்துக் கதையில் ஓரினக் காதலின் அச்சத்தை வாசிக்கும் விமர்சகர்கள் உண்டு. ஆண்களுக்கிடையிலான உறவை 1885-ன் சட்டம் தண்டனைக்குரியதாக்கியிருந்தது, ஆஸ்கர் வைல்டு 1895-ல் அதன்படிதான் சிறைக்குப் போனார், மன்றோவும் ஓரினச் சேர்க்கையாளர் என்றே வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். சகோதரி எத்தல் அவருடைய காகிதங்களை அழித்துவிட்டதால் இதை நிரூபிக்க வழியில்லை. எனக்கு இந்த வாசிப்பு பொருத்தமாகவே படுகிறது, ஏனென்றால் சொல்லவே முடியாத விஷயம் என்ற கதையின் மையத்தோடு அது ஒத்துப்போகிறது. ஆனால் கதையே அதுதான் என்று சுருக்கினால் டூப் குழந்தை காணாமல் போய்விடும். அத்தைகள் மேல் இருந்த பழைய கோபத்தைத்தான் எழுதினார் என்பது இன்னொரு வாசிப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை, கண்டிப்பான பாதுகாவலரை வெறுக்கும் சிறுவனைப் பற்றிய அவருடைய ‘ஸ்ரெட்னி வாஷ்டார்’ கதையைப் படித்தவர்களுக்கு அது தெரியும். இருந்தாலும் மிஸ் வான் சீல் அந்தக் கொடூரப் பாதுகாவலர்களின் சாயலில் இல்லை, அன்பானவர். அன்பும் ஆபத்தாக முடியும் என்பதுதான் இங்கே விஷயம்.

உங்கள் இரண்டாவது கேள்வி. பன்னிரண்டு குழந்தைகளில் ஒன்றை இழந்த மிஸஸ் டூப், மற்ற பதினொன்று இருப்பதால் தக்கபடி மனதைத் தேற்றிக்கொண்டார் என்று சாகி ஒரு பாதி வாக்கியத்தில் முடித்துவிட்டு, மறுபாதியில் அத்தை தன் வளர்ப்புப் பையனுக்காக உண்மையாகவே துக்கப்பட்டதைச் சொல்கிறார். ஏழைகளின் துக்கத்தை இப்படித்தான் மேல்தட்டு அளக்கிறது என்று காட்டுகிறாரா, இல்லை அவரே அப்படித்தான் அளக்கிறாரா? எனக்கு இரண்டும் கலந்திருப்பதாகவே தோன்றுகிறது. கொலைகாரனுக்குப் பலகையும் குழந்தைக்கு ஒன்றுமில்லாமையும் அடுத்தடுத்து நிற்கிற அமைப்பு தற்செயல் இல்லை, அதுவரை நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் சாகியை ஏழைகளின் தோழர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பழமைவாதி, பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தைக் கேலி செய்து எழுதியவர், அவருடைய சில கதைகளில் யூதர்களைப் பற்றி வருவது இன்று படிக்கும்போது வலிக்கும். தன் வர்க்கத்தை உள்ளே இருந்து கிழித்தார், வெளியே இருந்தவர்களுக்காகப் பேசவில்லை. உங்களுக்குச் சிரிப்பு வராமல் பயம் வந்தது என்றால் நீங்கள் கதையைத் தவறாகப் படித்துவிடவில்லை, அந்தக் குழந்தையின் பக்கத்தில் நின்று படித்திருக்கிறீர்கள். அங்கே நிற்கும் ஒரு ஆள்கூடக் கதைக்குள் இல்லை.

மறுபடி படிப்பதாக இருந்தால், ஓநாயை விட்டுவிட்டு ஒவ்வொரு இடத்திலும் யார் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று மட்டும் பென்சிலில் கோடு போட்டுக்கொண்டே போங்கள். அதற்குப் பிறகு அதே காலத்தில் எழுதிய ‘டோபர்மரி’யைப் படிக்கலாம், அதில் பேசக் கற்றுக்கொண்ட பூனை எல்லார் ரகசியத்தையும் விருந்தினர் முன்னால் போட்டு உடைக்கிறது, அவர்கள் உடனே அதற்கு விஷம் வைக்கத் திட்டம் போடுகிறார்கள். ‘செர்னோகிராட்ஸ்’ கதையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் இறந்து நூறு வருடம் தாண்டிவிட்டதால் கதைகள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.